மஸாஹிரின் கையும் கரிக்குழிப் புகையும்

மஸாஹிருக்கு வாய் திறக்க முன்னமே கை திறந்துவிடும். புத்தளம் சந்தையில் இருபத்திரண்டு வருடமாக மூட்டை சுமந்து லொறி ஏற்றி இறக்கிய நாட்டாமி அவன். ஒருவன் அவனிடம் வாய் காட்டினால் பதில் வாயிலிருந்து வருமென்று நம்பி நிற்கக் கூடாது. முதலில் அடி விழும். அதற்குப் பிறகுதான் “என்ன சொன்ன நீ?” என்று கேட்பான். ஒருமுறை வெங்காய லொறிக்காரன் ஒருவன் இவனை ‘கூலி’ என்று கூப்பிட்டதற்கு முன்பல் இரண்டைப் பறிகொடுத்தான். பிறகு இவனே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடி, வரும் வழியில் கடையில் பிளேன்டித் தேநீரும் வாங்கிக் கொடுத்தான். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சந்தையில் சிலர் சமாதானம் சொல்வார்கள். பல் போனவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இவனுடைய பெண்சாதி உம்மு குல்தூம். வாயில்லாப் பூச்சி என்பார்களே, அந்த வகை. பிள்ளை இல்லை. பள்ளிவாசலில் ஒரு சொல் சொன்னார்கள் என்றால் அவளுக்கு அது சட்டம். பத்து வயதில் பிடிக்கத் தொடங்கிய நோன்பை மாதத்தீட்டு நாட்கள் தவிர ஒன்றுகூட விட்டதில்லை, விட்ட நாட்களையும் அடுத்து வருகிற ஷவ்வால் மாதம் முடிவதற்குள் பிடித்து முடித்துவிடுவாள். உப்புக்களத்துக்குப் போகிற ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. அந்த வீட்டில் மஸாஹிரின் குரல் உயர்ந்தால் அவள் தையல் மெசினை மிதிப்பாள். மெசின் சத்தத்தில் அவன் கத்துவது அவனுக்கே கேட்காமல் போய், தானாக அடங்கிவிடும்.

நாட்டுச் சண்டை முடிந்து பாதையெல்லாம் திறந்து இரண்டு வருடத்தில் அந்த ஒழுங்கையின் மேற்குக் கோடியில் நெய்னார் ஹாஜியார் கரிவாடி போட்டார். அதற்கு முன்னர் அவருடைய கரிக்குழிகள் வண்ணாத்திவில்லுப் பக்கம் தென்னந்தோட்டத்தில் இருந்தன. அங்கே புகைத்தால் குரங்கு இருமும், அவ்வளவுதான். லொறிக்கு வசதி என்று டவுனுக்குள் கொண்டுவந்தார். தரையில் பதினான்கு குழி, ஆள் உயரத்துக்கு. அடியில் நெருப்பு வைத்துத் தேங்காய்ச் சிரட்டையைக் கொட்டக் கொட்ட, ஆறேழு மணி நேரம் வெள்ளையாகப் புகை கக்கும். குழி நிரம்பியதும் தகரத்தால் மூடிச் சேற்றால் பூசிவிடுவார்கள். காற்றுப் புகாமல் இரண்டு நாள் உள்ளே வெந்தால்தான் சிரட்டை கரியாகும், இல்லையென்றால் சாம்பல். அந்தக் கரி வெளிநாட்டுக்குப் போய், காற்றையும் தண்ணீரையும் சுத்தம் பண்ணுகிற தூளாக மாறுகிறதாம். எவனோ சுத்தமாக மூச்சு விடுவதற்கு உப்புக்கள ஒழுங்கை புகை குடிக்க வேண்டும். நியாயத்தைப் பாருங்கள்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் போதும், கரிவாடிப் புகை முழுக்க ஒழுங்கைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். காயப்போட்ட வெள்ளைத் துணி மஞ்சளாகும். மெயின் ரோட்டில் லொறிகள் கக்குவதும், குப்பைமேட்டில் பிளாஸ்டிக் எரிவதும் ஏற்கெனவே இருந்ததுதான். அத்தனைக்கும் தாக்குப்பிடித்த உம்மு குல்தூமின் நெஞ்சு சிரட்டைப் புகைக்குத் தோற்றுப்போனது. முதலில் இருமல். பிறகு படுத்தால் மூச்சு முட்டு. பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இழுப்பு. ஆஸ்பத்திரியில் நீலநிறப் பம்ப் ஒன்று கொடுத்தார்கள். முட்டு வந்தால் வாயில் வைத்து இரண்டு தரம் அடிக்க வேண்டும்.

“மருந்தெல்லாம் அதுக்குப் பொறகு,” என்றார் டொக்டர். “முதல்ல இவவ புகையில்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.”

கூட்டிக்கொண்டு போனான். கண்டக்குழியில் குல்தூமின் தங்கச்சி நப்லா இருந்தாள், மீன்வாடி வைத்திருப்பவனைக் கட்டியவள். கடற்காற்றில் பத்தே நாளில் குல்தூமின் நெஞ்சுச் சத்தம் நின்றது. பம்ப் பெட்டியிலேயே கிடந்தது. “மச்சான், ராத்தா இங்கயே ஈக்கட்டும். நீங்க கிழமைக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க,” என்று நப்லா கெஞ்சினாள்.

மஸாஹிருக்கு அது கொழுத்த அவமானமாகப்பட்டது. “எங்கட வாப்பா கட்டின வீட்ட உட்டுட்டு நாங்க ஏன் ஓடணும்? போறதுண்டா அவன் போகட்டும்.”

பதினோராம் நாள் கூட்டி வந்துவிட்டான். பதின்மூன்றாம் நாள் பம்ப் வெளியே வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

நியாயமாகவும் பார்த்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஒழுங்கையில் முப்பது வீட்டில் கையெழுத்து வாங்கிப் பெட்டிசம் போட்டான். இரண்டு மாதம் கழித்துக் கந்தோர்க்காரர் வந்தார்கள். அவர்கள் வந்த அன்று பதினான்கு குழியும் ஆறிக் கிடந்தன, வாடி கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. வந்தவர்கள் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பின்னேரமே குழிகள் புகைந்தன.

மஸாஹிர் நேரே வாடிக்குள் போனான். அங்கே வேலையைப் பார்ப்பவன் அருளப்பு, சிலாபத்துப் பக்கத்து வேதக்காரன், சாது. “அண்ணே, நான் சம்பளத்துக்கு நிக்கிறவன், ஹாஜியாரோட கதைங்க,” என்றுதான் சொன்னான். அந்த வசனம் முடியவில்லை. மஸாஹிர் அவன் கழுத்தைப் பிடித்துச் சிரட்டைக் குவியலில் அறைந்து, எழும்ப விடாமல் மிதித்தான். தடுக்க வந்த கையை முறுக்கியபோது எலும்பு முறிந்த சத்தம் ரோட்டில் நின்றவர்களுக்கே கேட்டதாம். அருளப்பு தன்னுடைய தாயைக் கூப்பிட்டு அழுதான். புகை போட்டவன் கடைத்தெருவில் வெள்ளைச் சட்டையோடு இருக்க, கை முறிந்தது கூலிக்காரனுக்கு.

பொலிஸ் வந்தது. கோட்டில் பதினான்கு நாள் ரிமாண்ட். அந்தப் பதினான்கு நாளில் குல்தூம் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள், இரண்டு தரமும் பக்கத்து வீட்டு ஜெய்னம்புதான் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனாள். வெளியே வந்த மஸாஹிரிடம் குல்தூம் ஒன்றுதான் கேட்டாள். “அந்த மனிசன்ட கை நல்லாகிட்டா?”

“உனக்கு மூச்சு முட்டுது, நீ அவன்ட கையப் பத்திக் கேக்கிறா.”

“அவருக்கும் ஊட்ல ஆள் ஈக்கும்தானே,” என்று சொல்லிவிட்டு இருமினாள்.

அந்த வருடம் நோன்பு ஆடி மாதத்தில் வந்து விழுந்தது. கச்சான் உச்சத்தில் அடிக்கிற காலம். குல்தூமுக்குப் புதிய பிரச்சினை: பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா முறியாதா? அப்போது யாரிடமும் அவள் கேட்கவில்லை. வாய்க்குள் ஒன்று போகிறது, நெஞ்சுக்குள் இறங்குகிறது, அப்படியானால் முறியும் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். விடிய முன்னம் சஹருக்கு அடிப்பாள், பொழுதுபட்டு மஹ்ரிப் பாங்கு சொன்னதும் அடிப்பாள். நடுவிலே பதினான்கு மணி நேரம், சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை எண்ணி எண்ணி இழுப்பாள். மஸாஹிர் சந்தையால் வந்து அதைப் பார்ப்பான். பார்த்துவிட்டு வெளியே போய் மதிலில் குத்துவான்.

ஏழாம் நோன்பன்று பள்ளிவாசலில் நடந்த கதையை ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்த மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி நெய்னார் ஹாஜியாரின் செலவு. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் வாளி கொண்டுவந்து வரிசையில் நிற்க, ஹாஜியாரே அகப்பையைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். மஸாஹிரைக் கண்டதும், “வாங்க மஸாஹிர், ஊட்டுக்கும் கொண்டுபோங்க, உங்கட ஊட்டுக்காரிக்கும் சொகமில்லயாமே,” என்றார். மனதறிந்துதான் சொன்னாரோ, மரியாதைக்குச் சொன்னாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

மஸாஹிர் கஞ்சிச் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி அவருடைய காலடியில் கவிழ்த்தான். கொதிக்கிற கஞ்சி ஹாஜியாரின் பாதத்தில் பட்டு அவர் துள்ளி விழுந்தார். ரமழான் மாதம், பள்ளிவாசல் வாசல், நோன்பாளிகளின் சாப்பாடு மண்ணில். நாலு பேர் மஸாஹிரைப் பிடித்து இழுக்க, அவன் அந்த நாலு பேரையும் சேர்த்து இழுத்தான்.

ஸுஹைப் மௌலவிதான் நடுவில் புகுந்து அவனை உள்ளே கொண்டுபோய் இருத்தினார். இளம் மௌலவி, மெல்லக் கதைக்கிறவர். ஏசவில்லை. “உங்கட ஊட்டுக்காரி முட்டோடயே நோன்பு பிடிக்கிறதா ஜெய்னம்பு ராத்தா சொன்னா. மெய்தானா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அப்பிடி உசிரப் பணயம் வைக்கச் சொல்லி மார்க்கம் கேக்கல்ல. பம்ப் அடிச்சா நோன்பு முறியாதுண்டு சொல்ற ஆலிம்களும் ஈக்காங்க. முறியும்டே வச்சாலும், நோயாளிக்கு நோன்ப விடலாம். பொறகு பிடிக்கலாம், பிடிக்க ஏலாட்டி ஏழைக்குச் சாப்பாடு குடுக்கலாம். நான் சொன்னதாப் போய்ச் சொல்லுங்க. முட்டு வந்தா அந்த நிமிசமே அடிக்கட்டும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது. ஆனால் மஸாஹிரின் கண் மௌலவியின் பக்கத்தில் இருந்த கோப்பையில் இருந்தது. அவருக்கு முன்னமே எடுத்துவைத்த கஞ்சி அதில் ஆறிக்கொண்டிருந்தது.

“நெய்னார்ட கஞ்சி குடிக்கிற வாயால எங்கட ஊட்டுக்கு ஒரு சொல்லும் வேணாம்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

வீட்டுக்கு வந்தான், ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாயை மூட வேண்டிய இடத்திலெல்லாம் திறந்தவன், திறக்க வேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டான். அவன் மனதில் ஓடிய கணக்கு இதுதான்: புகை போடுகிறவன் போட்டுக்கொண்டே இருக்க, இவள் நோன்பை விட்டுப் பணிய வேண்டும், அதற்கு மௌலவியும் கையெழுத்து வைக்க வேண்டுமா? நெய்னார்தான் பணிய வேண்டும். இந்த வீறாப்புக்குள் குல்தூமின் மூச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. பாவி மனிதன்.

பத்தொன்பதாம் நோன்பன்று அஸரைப் பிந்தித் தொழுது முடிய முட்டு வந்தது. முன்னர் வந்த மாதிரி இல்லை. மஸாஹிர் வீட்டுக்குள் வரும்போது குல்தூம் தொழுகைப் பாயிலேயே முன்னால் குனிந்து இருந்தாள். உதடு நீலம். கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழும்பியது. ஜெய்னம்பு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பம்ப் குல்தூமின் கையிலேயே இருந்தது.

“அடி புள்ள,” என்றான் மஸாஹிர்.

அவள் தலையை ஆட்டினாள். கதைக்க மூச்சு இல்லை. சுவர் மணிக்கூட்டைக் காட்டி ஒற்றை விரலைத் தூக்கினாள். இன்னும் ஒரு மணித்தியாலம்தானே, பாங்கு சொல்லிவிடும் என்று அர்த்தம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மௌலவி சொன்னார் என்று இரண்டே வார்த்தை. அந்த நேரம் பார்த்துக் கச்சான் ஒரு வீச்சு வீசியது, யன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது. மஸாஹிருக்குக் கண் இருண்டது. கதவு மூலையில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பின்னால் ஜெய்னம்பு, “ஓட்டோவப் பிடிங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்,” என்று கூப்பிட்டதும் அவன் காதில் ஏறவில்லை.

வாடியில் மூன்று குழி புகைந்துகொண்டிருந்தன, மற்றவை மூடிப் பூசியிருந்தன. வாசலில் நின்ற வேலைக்காரன் ஒருவனின் முழங்காலில் முதல் அடி விழுந்தது. மற்றவர்கள் மதிலேறிக் குதித்தார்கள். அருளப்பு மட்டும் நின்றான். முறிந்து பொருந்திய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். மஸாஹிர் மூடியிருந்த குழியொன்றின் தகரத்துக்குக் கீழே அலவாங்கைச் செருகுவதைக் கண்டதும் பதறி ஓடிவந்தான்.

“அண்ணே, என்ன வேணுமெண்டாலும் அடிங்க, மூடியத் தொறக்காதீங்க. காத்துப் பட்டா எல்லாம் ஒண்டாப் பத்தும். புகை முழுக்க உங்கட ஒழுங்கைக்குத்தான் போகும்.”

கரிச் சாக்கு ஆயிரம் சுமந்திருக்கிறான் மஸாஹிர், குழிக்குப் பக்கத்தில் ஒருநாளும் வேலை செய்ததில்லை. நெருப்பென்றால் கலைத்துத் தண்ணீர் ஊற்றினால் அணையும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். முதலாளியின் சரக்கைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று நினைத்து, அலவாங்கின் நுனியால் அருளப்புவின் முகத்தில் ஒன்று போட்டான். கன்னம் கிழிந்து இரத்தம் சட்டையில் இறங்கியது.

முதல் தகரம் பெயர்ந்தது. உள்ளே இரண்டு நாளாக மூச்சடக்கிக் கிடந்த நெருப்பு காற்றுப் பட்டதும் குபீரென்று எழும்பியது. அவனுடைய புருவமும் தாடியும் பொசுங்கின. விடவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது. பீப்பாத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி எறிந்தான். தண்ணீர் பட்ட இடமெல்லாம் சீறி, சாம்பலும் ஆவியும் கறுத்த புகையுமாக மேலே கிளம்ப, கச்சான் அதை அப்படியே வாரிக்கொண்டு கிழக்கே போனது.

செய்தி கேட்டு நெய்னார் ஹாஜியார் காரில் வந்து இறங்கினார். இறங்கிய கால் தரையில் ஊன்றவில்லை, மஸாஹிர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக் கார்க் கதவிலேயே மோதினான். ஒன்று, இரண்டு, மூன்று. “மூச்சு எடு,” என்று கத்தினான். “எடு பாப்பம் மூச்சு.” தொப்பி விழுந்தது, மூக்கு உடைந்தது. வயதான மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை நாள் ஆத்திரம் அன்றைக்குத்தான் ஆள் பார்த்து இறங்கியது. மஸாஹிருக்கு அது இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அப்போதுதான் ஒழுங்கைப் பக்கமிருந்து பெண்களின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தான். ஒழுங்கையைக் காணவில்லை. வீடு, மதில், முருங்கை மரம் ஒன்றும் தெரியவில்லை, புகைதான் நின்றது.

ஹாஜியாரை விட்டுவிட்டு ஓடினான். சொந்த வீட்டு வாசலைத் தடவித்தான் கண்டுபிடித்தான். உள்ளே ஜெய்னம்பு முந்தானையால் குல்தூமின் முகத்தை மூடிக்கொண்டு இருமினாள். “வாய்க்குள்ள வச்சு அடிக்கப் பாத்தேன், பல்லக் கடிச்சிட்டுத் தொறக்கவே மாட்டேண்டுட்டா,” என்று அழுதாள். மஸாஹிர் குல்தூமைத் தூக்கினான். இருநூறு இறாத்தல் மூட்டை சுமந்த கைக்கு அவள் ஒரு பாரமில்லை. வெளியே வந்தால் ஓட்டோ இல்லை, புகைக்குப் பயந்து எல்லாம் போய்விட்டன. வாடியின் சின்னப் பட்டா லொறிதான் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. ஓட்டியவன் அருளப்பு. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் கன்னத்தைப் பொத்தியிருந்தான். கதவைத் திறந்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் லொறி நின்றபோது குல்தூமின் கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள், குழாய் வைத்தார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். கால் மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். “பம்ப் கடைசியா எத்தன மணிக்கு அடிச்சது?” என்று கேட்டார்.

“சஹருக்கு,” என்றான் மஸாஹிர்.

“விடியக்காலையிலயா? பின்னேரம் முட்டு வந்த உடனே அடிச்சுக் கொண்டுவந்திருந்தா காப்பாத்த இடமிருந்திச்சு.”

அடுத்த நாள் காலையில் குல்தூமின் ஜனாஸா. பொலிஸ்காரர் இரண்டு பேர் ஒழுங்கை முனையில் காத்து நின்றார்கள், அடக்கி முடியட்டும் என்று விட்டிருந்தார்கள். நெய்னார் ஹாஜியாரும் மூக்கில் கட்டோடு வந்து சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். மஸாஹிர் அவரைப் பார்த்தான், கை எழும்பவில்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சு: நோன்போடு மவுத்தான பெண், என்ன ஈமான், சுவர்க்கத்துக்குரியவள். ஒவ்வொருவராக வந்து அவனைக் கட்டிப்பிடித்து அதையே சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் கன்னம் துடித்தது.

மையவாடியிலிருந்து திரும்பி வீட்டு முன்றலில் இருந்தபோது ஸுஹைப் மௌலவி பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். கதவுக்கு உள்ளே பெண்கள். “மஸாஹிர், அண்டக்கி நான் சொன்னதச் சொன்னீங்களா?” என்று தாழ்ந்த குரலில்தான் கேட்டார். ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

மஸாஹிர் தரையைப் பார்த்தான். அடிக்க ஆளில்லாத கேள்வி அது. “சொன்னேன்,” என்றான். “அவதான் கேக்கல்ல.”

மௌலவி தலையசைத்து, “அல்லாஹ் மன்னிப்பான்,” என்றார். யாரோ ஒரு பெரியவர், “பொம்பளப் புடிவாதம்,” என்று பெருமூச்சு விட்டார். ஒரு நொடிக்கு முன்னர் ஈமான்காரியாக இருந்தவள் புடிவாதக்காரியாகிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

கதவு திறந்து நப்லா வெளியே வந்தாள். இரவு முழுக்க அழுத முகம், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் நின்றாள்.

“மௌலவி பம்ப் அடிக்கலாம்டு சொன்னாரா? எப்ப?”

“ஏழாம் நோன்புக்கு,” என்றார் மௌலவி.

“ஏழாம் நோன்புக்கு.” அவள் மஸாஹிரைப் பார்த்தாள். “மச்சான், முந்தநாள் ராத்தா எனக்கு போன் எடுத்தா. பம்ப் அடிச்சா முறியுமா தங்கச்சி, யாருட்ட கேக்கலாம்டு எனக்கிட்ட கேட்டா. மௌலவிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லி உங்கள்ட்டச் சொல்லுங்கண்டேன். அவருக்கு ஏற்கெனவே கோவம், கரைச்சல் குடுக்கப்படாதுண்டு சொல்லிட்டா. மௌலவி சொன்னது தெரிஞ்சவ எனக்கிட்ட ஏன் கேக்கணும்?”

மஸாஹிர் எழுந்தான். எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. இத்தனை பேருக்கு முன்னால், மௌலவிக்கு முன்னால், நப்லாவின் கன்னத்தில் அறைந்தான். அவள் கதவில் மோதி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அவனையே பார்த்தாள்.

யாரும் அவனைத் தடுக்க எழும்பவில்லை. மௌலவி மட்டும் எழுந்து, இருந்த கதிரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். முன்றல் காலியானதும் பொலிஸ்காரர் இரண்டு பேரும் ஒழுங்கையால் நடந்து வந்தார்கள். மஸாஹிர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தானாகவே அவர்களிடம் போனான்.